நாலணா எப்படிப் பிழைத்தது?

ஒரு பொருளுக்கு எதற்கு இரண்டு பெயர்?

1957 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு அணாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. அதுவரை பதினாறு அணா ஒரு ரூபாய். அன்றுமுதல் நூறு பைசா ஒரு ரூபாய். ஆனால் அதற்குப் பின்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் 25 பைசா நாணயத்துக்குப் பெயர் நாலணா, 50 பைசா நாணயத்துக்குப் பெயர் எட்டணா. அந்தக் காசுகளை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அணா என்ற எழுத்து இருக்காது. நாலணாவைக் கொடுத்துக் கடலைமிட்டாய் வாங்கிய பிள்ளைகளிடம் ஓர் அணாவுக்கு எத்தனை பைசா என்று கேட்டிருந்தால் பெரும்பாலோர் விழித்திருப்பார்கள். தெரியாத அளவை வைத்துத் தெரிந்த காசுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு தலைமுறை. வியாபாரத்தில் எந்தக் குழப்பமும் வரவில்லை.

இது காசோடு நிற்கும் விஷயமில்லை. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010இல் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. மக்களுக்கு அது இன்றும் ஈபிதான், வருவது ஈபி பில்தான். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் என்று அரசு பெயர் வைத்ததை ஊரில் 'நூறு நாள் வேலை' என்கிறார்கள். 2005இல் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்ற சிறு சரக்கு வண்டியைச் சந்தைக்கு விட்டது. தமிழ்நாட்டுச் சாலைகளில் அது குட்டி யானை ஆகிவிட்டது. நாளிதழ்களும் விபத்துச் செய்தியில் 'குட்டி யானை வாகனம்' என்றே எழுதுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் அதிகாரபூர்வமான, தெளிவான, அச்சில் கிடைக்கும் பெயர் ஏற்கெனவே இருந்தது. அப்படியிருக்க, இன்னொரு பெயர் எதற்கு? அதை யார் முடிவு செய்கிறார்கள்? முடிவு செய்தபின் அது எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு ஆய்வுக்கூடத்திலும் நாணய வரலாற்றிலும் விடைகள் கிடைக்கின்றன. அவை பட்டப்பெயரைப் பற்றி நாம் வழக்கமாக நினைப்பதற்கு மாறானவை.

சோம்பல் என்ற விடை

உடனே தோன்றும் விடை சோம்பல். நீண்ட பெயரை முழுதாகச் சொல்ல யாருக்குப் பொறுமை என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஹார்வர்டில் பணியாற்றிய ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப், 1930களில் சொற்களை எண்ணிப் பார்த்து, எந்த மொழியிலும் அடிக்கடி புழங்கும் சொற்கள் குட்டையாகவும் அரிதாகப் புழங்கும் சொற்கள் நீளமாகவும் இருக்கும் போக்கைக் காட்டினார். இதைச் 'சுருக்க விதி' என்று சொல்லலாம். தமிழ் இலக்கணத்துக்கும் இது புதிதில்லை. தஞ்சாவூர் தஞ்சை ஆனதையும் கோயம்புத்தூர் கோவை ஆனதையும் மரூஉ என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது நம் மரபு. சென்னையின் பெரிய ரயில் நிலையத்துக்கு 2019இல் 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம்' என்று பெயர் சூட்டினார்கள். பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்பவர் 'சென்ட்ரல் ஒண்ணு' என்றுதான் கேட்பார்.

ஆனால் சோம்பலை வைத்துக் குட்டி யானையை விளக்க முடியாது. 'ஏஸ்' என்பது ஒரே மூச்சில் முடிகிற சொல். 'குட்டி யானை' அதைவிட நீளம். சோம்பேறிகள் சின்னப் பெயரைக் கைவிட்டுப் பெரிய பெயரைப் பிடிக்க மாட்டார்கள். அப்படியானால் உருவ ஒற்றுமையா? சிறிய வண்டி, பெரிய சுமை, ஆகவே யானைக் குட்டி என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் நிலைத்தபின் எல்லா ஒற்றுமையும் பொருத்தமாகத்தான் தெரியும். தன் எடையை மீறிச் சுமக்கிறது என்பதற்காக அதை எறும்பு என்றிருக்கலாம். முகத்தைப் பார்த்துத் தவளை என்றிருக்கலாம். எறும்பும் தவளையும் ஏன் ஒட்டவில்லை, யானை ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒற்றுமையிடம் பதில் இல்லை. அது பெயருக்கான வேட்பாளர்களைக் கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவுதான். தேர்ந்தெடுப்பது வேறொன்று.

திரைக்கு இருபுறமும்

அந்த வேறொன்றைத் தெளிவாகக் காட்டிய சோதனை 1986இல் வெளியானது. செய்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் கிளார்க்கும் டியன்னா வில்க்ஸ்-கிப்ஸும். டான்கிராம் என்ற சீன விளையாட்டில் ஏழு வெட்டுத்துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து உருவங்கள் அமைப்பார்கள். முக்கோணமும் சதுரமும் சேர்ந்த, பெயரில்லாத கறுப்பு நிழல்கள் போல அவை இருக்கும். அப்படிப் பன்னிரண்டு உருவங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாணவர்களை நடுவில் திரை வைத்து உட்காரவைத்தார்கள். இருவரிடமும் அதே பன்னிரண்டு படங்கள். ஒருவரிடம் அவை குறிப்பிட்ட வரிசையில் இருக்கும். மற்றவரிடம் கலைந்து கிடக்கும். முதலாமவர் பேசியே தன் வரிசையை இரண்டாமவருக்குப் புரியவைக்க வேண்டும். முடிந்ததும் படங்களைக் கலைத்து மறுபடி அதே வேலை. இப்படி ஆறு சுற்று. எட்டு ஜோடிகள் இதைச் செய்தன.

முதல் சுற்றில் பெரும் திண்டாட்டம். பனியில் சறுக்கிக்கொண்டு போகிற ஆள் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறார் என்கிற தோரணையில் ஒருவர் விளக்குவார். கால் எந்தப் பக்கம் என்று மற்றவர் குறுக்கே கேட்பார். 'சரி சரி, பிடிபட்டது' என்றபின்தான் அடுத்த படத்துக்குப் போவார்கள். இரண்டாம் மூன்றாம் சுற்றில் அந்த விளக்கம் பாதியாகும். ஆறாவது சுற்றில் 'சறுக்குக்காரர்' என்ற அளவில் வேலை முடிந்துவிடும். ஓர் உருவத்தைச் சுட்ட முதல் சுற்றில் சராசரியாக 41 சொற்கள் தேவைப்பட்டன. ஆறாம் சுற்றில் 8 போதுமாக இருந்தது. அரை மணி நேரப் பேச்சுக்குள், யாரும் பெயர் வைக்கச் சொல்லாமலே, பெயரில்லாத உருவங்களுக்குப் பட்டப்பெயர்கள் பிறந்துவிட்டன.

இதுவும் சுருக்க விதிதானே என்று கேட்கலாம். திரும்பத் திரும்பச் சொன்னால் சுருங்கத்தானே செய்யும்? அப்படியில்லை என்பதற்குச் சான்று அதற்கு முன்பே இருந்தது. ராபர்ட் கிராஸ், சிட்னி வைன்ஹைமர் இருவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவரின் மறுமொழி பேசுபவர் காதில் விழும்படி ஒரு வகையும், விழாதபடி ஒரு வகையும் வைத்துப் பார்த்தார்கள். பேசுபவர் இரண்டிலும் அதே உருவத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்; வாய் வலிப்பதும் ஒன்றுதான். ஆனால் 'ம்', 'புரிகிறது', 'எது?' என்று எதிர்க்குரல் கிடைத்தபோது விளக்கம் நன்றாகச் சுருங்கியது. கிடைக்காதபோது அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. சோம்பல்தான் காரணம் என்றால் இரண்டிலும் ஒரே அளவு சுருங்கியிருக்க வேண்டும். சொல்பவர் தனியாகப் பெயரைக் குறுக்குவதில்லை. கேட்பவர் ஒப்புக்கொண்ட அளவுக்குத்தான் குறுக்குகிறார்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியம். ஒரே உருவத்துக்கு வெவ்வேறு ஜோடிகள் வெவ்வேறு பெயரில் போய் நின்றன. உருவம் ஒன்று, கண் ஒன்று, மொழியும் ஒன்று. பெயர் மட்டும் வேறு. ஆகவே அந்தப் பெயர் உருவத்திலிருந்து எடுக்கப்பட்டதில்லை, அந்த இருவருக்கு இடையிலான உரையாடலிலிருந்து எடுக்கப்பட்டது. மைக்கேல் ஷோபரும் கிளார்க்கும் 1989இல் இதை மறுபக்கத்திலிருந்து சோதித்தார்கள். உரையாடல் முழுவதையும் ஒன்றுவிடாமல் கேட்ட மூன்றாம் ஆள், அதில் கலந்து பேசியவர் அளவுக்குப் படங்களைச் சரியாக அடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவர் காதிலும் விழுந்திருந்தது. 'கால் எந்தப் பக்கம்?' என்று இடையில் கேட்க மட்டும் அவருக்கு வழி இருக்கவில்லை.

பெயருடன்பாடு

இப்படி இருவர் பேசிப் பேசி ஒரு பொருளை எப்படிப் பார்ப்பது, என்னவென்று சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லாமலே செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் 'பெயருடன்பாடு' என்று அழைக்கலாம். 1996இல் சூசன் பிரென்னனும் கிளார்க்கும் இதன் பிடி எவ்வளவு வலுவானது என்று பார்த்தார்கள். படங்களில் பல வகைச் செருப்புகளும் ஷூக்களும் இருந்தபோது, 'ஷூ' என்று மொட்டையாகச் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று தெரியாது. அதனால் பேசுபவர்கள் அந்தக் குறிப்பிட்ட வகையின் பெயரான 'லோஃபர்' என்பதைச் சொன்னார்கள். பிறகு மற்ற ஷூக்களை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார்கள். இப்போது 'ஷூ' என்றாலே போதும். ஆனாலும் பழகிய ஜோடிகள் 'லோஃபர்' என்றே தொடரும் போக்கைக் காட்டின. சிக்கனத்தைப் பார்த்தால் இது வீண் செலவு. ஒப்பந்தத்தைப் பார்த்தால் நியாயம். புதிய ஆளோடு பேசத் தொடங்கியபோதோ அந்தப் பிடி தளர்ந்தது.

மெட்ஸிங்கும் பிரென்னனும் 2003இல் செய்தது இன்னும் கூர்மையான சோதனை. ஒருவர் ஒரு பொருளைச் சில தடவை ஒரே பெயரால் சொல்லிக் கேட்பவரைப் பழக்கிவிட்டு, திடீரென வேறு பெயர் சொன்னார். புதிய பெயரும் அதே அளவு பொருத்தமானதுதான். ஆனால் கேட்பவரின் கண் பொருளைக் கண்டுபிடிக்கத் தடுமாறியது. அதே புதிய பெயரை அறைக்குள் அப்போதுதான் வந்த வேறொருவர் சொன்னபோது தடுமாற்றம் இல்லை. சிக்கல் பெயரில் இருந்திருந்தால் இரண்டு பேர் சொன்னபோதும் தடுமாறியிருக்க வேண்டும். ஒத்துக்கொண்டவரே உடன்பாட்டை மீறியபோது மட்டும், 'ஏன் மாற்றிச் சொல்கிறார், வேறு எதையாவது சொல்கிறாரோ?' என்று மனம் தேடிப் போகிறது. இருபது ஆண்டுகளாகச் சாமான் வாங்கும் கடையில் 'எட்டணா' என்பதற்குப் பதிலாக ஒருவர் திடீரென்று 'ஐம்பது பைசா' என்று அழுத்திச் சொல்லியிருந்தால் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்திருப்பார் இல்லையா, அதன் காரணம் இதுதான்.

அணாக் கணக்கு

பெயருடன்பாடு என்ற கருத்து ஆய்வுக்கூடத்துக்கு வெளியே செல்லுபடியாகுமா என்று பார்க்க, அணாவைவிட நல்ல களம் கிடைக்காது. ஏனென்றால் இங்கே ஒரு நாடு முழுவதும், ஒரே நாளில், பொருளை மாற்றிப் பெயரை விட்டது. எந்தப் பெயர் செத்தது, எது பிழைத்தது என்று கணக்குப் பார்க்கலாம்.

பழைய கணக்கில் மூன்று தம்பிடி ஒரு காலணா, நாலு காலணா ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். 1957 மாற்றத்தில் ரூபாயின் மதிப்பில் கை வைக்கவில்லை. அதைக் கூறுபோடும் முறையை மட்டும் மாற்றினார்கள். அப்படியானால் ஓர் அணா என்பது ஆறே கால் புதிய பைசா. இரண்டணா பன்னிரண்டரை பைசா. மூன்றணா பதினெட்டே முக்கால். நாலணாவில் வந்து கணக்கு சுத்தமாக 25இல் இறங்குகிறது. ஐந்து, ஆறு, ஏழு அணாக்கள் மறுபடி பின்னத்தில் தொங்குகின்றன. எட்டணா 50இல் இறங்குகிறது. பன்னிரண்டணா 75இல். காரணம் எளிது: பதினாறையும் நூறையும் சேர்த்து மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் நாலு. பழைய கூறும் புதிய கூறும் ரூபாயின் கால், அரை, முக்கால் ஆகிய இடங்களில் மட்டும்தான் ஒன்றையொன்று சந்திக்க முடியும்.

பெயர் என்பது பொருளின் வர்ணனை என்றால் அணாப் பெயர்கள் எல்லாமே 1957இல் சேர்ந்து செத்திருக்க வேண்டும். பெயர் என்பது வெறும் பழக்கம் என்றால் ஓரணா, இரண்டணா உட்பட எல்லாமே சேர்ந்து நீடித்திருக்க வேண்டும். பழக்கத்தில் அவையும் குறைந்தவை அல்ல. நடந்தது இரண்டும் இல்லை. ஓரணாவும் இரண்டணாவும், பழைய நாணயங்கள் கையைவிட்டுப் போகப்போக, விலை சொல்லும் பேச்சிலிருந்து மறைந்தன. நாலணாவும் எட்டணாவும் நின்றன. இதைத்தான் பெயருடன்பாடு எதிர்பார்க்கும். கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறது; கையில் புதிதாக வந்த காசு அதே வேலையை, அதே மதிப்பில், சச்சரவுக்கு இடமின்றிச் செய்கிறது; எனவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய அவசியம் எழவில்லை. ஆறே கால் பைசாவுக்கோ காசு கிடையாது. அங்கே பழைய பெயரைச் சொன்னால், ஆறா ஏழா என்று தகராறு வரும்.

பன்னிரண்டணாவின் கதை இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டுகிறது. கணக்கில் அதுவும் சுத்தமாகப் பொருந்துகிறது. ஆனால் 75 பைசாவுக்குத் தனி நாணயம் அடிக்கப்படவே இல்லை. இரண்டு காசு சேர்த்துத்தான் அதைக் கொடுக்க முடியும். பேச்சில் பன்னிரண்டணா சில காலம் இருந்தாலும் மற்ற இரண்டின் அளவுக்கு அது ஊன்றவில்லை. முக்கால் ரூபாய் என்பதே வாய்க்கு வந்தது. கணக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, கைமாறுகிற ஒரு பொருளும் வேண்டும் போலிருக்கிறது. 'கால் ரூபாய்', 'அரை ரூபாய்' என்ற சொற்கள் அணாவைச் சாராமலே, எந்தக் கணக்குமுறைக்கும் பொருந்தும்படி தயாராக இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். தர்க்கப்படி அவைதான் நாலணாவையும் எட்டணாவையும் வெளியேற்றியிருக்க வேண்டும். புழங்கவும் செய்தன, வெளியேற்றத்தான் முடியவில்லை.

இது தமிழர்களின் தனிக் குணமோ என்ற ஐயம் நியாயமானது. இந்தியில் சவன்னி, அடன்னி. வங்காளத்தில் சார் ஆனா, ஆட் ஆனா. கன்னடத்தில் நால்காணெ, எண்டாணெ. எல்லாம் அதே நாலும் எட்டும்தான். ஆனால் இவை ஒரே நாட்டு மொழிகள்; ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது என்று சொல்லிவிடலாம். அதனால் தொடர்பே இல்லாத ஓர் இடத்துக்குப் போவோம். அமெரிக்காவில் ஸ்பானிய டாலர் 1857 வரை சட்டப்படி செல்லுபடியான பணம். அதை எட்டாகக் கூறுபோடுவார்கள். ஒரு கூறுக்கு அங்கே 'பிட்' என்று பெயர். அமெரிக்க டாலரோ நூறு சென்ட். ஆக ஒரு பிட் பன்னிரண்டரை சென்ட். அதற்குக் காசு இல்லை. இரண்டு பிட் 25 சென்ட். அதற்குக் காசு உண்டு. ஸ்பானிய டாலர் போய் நூறாண்டு கடந்தும் 25 சென்ட் நாணயத்தை அமெரிக்கர்கள் 'டூ பிட்ஸ்' என்றார்கள். நாலு பிட், ஆறு பிட் என்றும் பேச்சு இருந்தது. ஒற்றைப்படைப் பிட்டுகள் அப்படி நிற்கவில்லை. திருநெல்வேலிப் பெட்டிக்கடைக்கும் டெக்சஸ் கடைத்தெருவுக்கும் யாதொரு உறவும் இல்லை. ஆனாலும் பழைய கூறும் புதிய கூறும் ஒரே காசில் சந்தித்த இடத்தில்தான் இரண்டு ஊர்களிலும் பெயர் பிழைத்தது.

இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15 அன்று நூறு பென்ஸ் கணக்குக்கு மாறியது. பத்து ஷில்லிங் நோட்டுக்குப் பதிலாக 1969இலேயே வந்திருந்த 50 பென்ஸ் நாணயத்துக்கு 'பத்து பாப்' என்ற பழைய செல்லப்பெயர் தொற்றிக்கொண்டது. ஆறு பென்னி நாணயத்தின் செல்லப்பெயர் 'டேனர்'. புதிய கணக்கில் அது இரண்டரை பென்ஸ். 1980இல் அந்த நாணயம் விலக்கப்பட்டதும் பெயருக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. 'குவிட்' என்று பவுண்டைச் சொல்வது மட்டும் இன்றுவரை நன்றாக இருக்கிறது, பவுண்டு மாறவே இல்லை என்பதால்.

இனி, பெயர் எப்போது சாகும் என்ற கேள்வி. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் செல்லாதவை ஆயின. 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும். ஆனால் பெட்டிக்கடையில் அதை வாங்குவாரில்லை; எட்டணா என்ற சொல்லும் விலைப்பேச்சிலிருந்து ஏறக்குறைய போய்விட்டது. இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1957இல் சட்டம் அணாவை எடுத்தது, பெயர் நின்றது. இப்போது சட்டம் 50 பைசாவை விட்டுவைத்திருக்கிறது, பெயர் போகிறது. பெயரின் ஆயுளைத் தீர்மானித்தது அரசாணை இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கல் நடந்தவரை பெயர் நடந்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காலணா போய் எத்தனையோ காலமாகியும் 'காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு' என்கிறோம். 'காலணா பெறாத விஷயம்' என்கிறோம். உலகப்போர் நாட்களில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளைபோட்டு அடித்த ஓட்டைக் காலணாவையும் பழைய ஆட்கள் மறக்கவில்லை. டச்சு நாணயம் ஒன்றின் பெயரிலிருந்து வந்ததாக அகராதியாளர்கள் சொல்லும் 'துட்டு', அந்த நாணயத்தை எவரும் கண்ணால் கண்டிராத காலத்திலும் பொதுவாகப் பணத்தைக் குறித்து வாழ்கிறது. இவை என் வாதத்தை உடைப்பதாகத் தோன்றலாம். இங்கெல்லாம் பெயர் வேலை மாறிவிட்டது என்பதே என் பதில். காலணா இப்போது காசைச் சுட்டுவதில்லை. ஒரு வட்டத்தின் அளவையோ மதிப்பின்மையையோ சுட்டுகிறது. பொட்டு வைப்பதும் ஒன்றை மட்டம் தட்டிப் பேசுவதும் நிற்கவில்லையே.

இருவர் பேச்சு ஊர்ப்பேச்சாவது

இருவர் ஒப்பந்தம் சரி, கோடிப் பேர் எப்படி ஒரே பெயரில் வந்து நிற்கிறார்கள்? எல்லோரும் கூடி முடிவெடுக்கவில்லை, யாரும் ஆணையிடவில்லை. டேமன் சென்டோலாவும் ஆண்ட்ரியா பரோன்கெல்லியும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கணினி வழியே விளையாடியவர்களுக்கு ஒரு முகத்தின் படம் காட்டப்படும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரோடு ஜோடி. இருவரும் அந்த முகத்துக்கு ஒரே பெயரைச் சொன்னால் பரிசு. பக்கத்து ஆள் சொன்ன பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது. மொத்தம் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. எவரோடு வேண்டுமானாலும் ஜோடி சேரும்படி கலக்கிவிட்ட குழுவில், பெயர்கள் சிறிது நேரம் முட்டிமோதிக்கொண்டு, கடைசியில் ஒரே பெயர் குழு முழுவதையும் பிடித்தது. அக்கம்பக்கத்துச் சிலரோடு மட்டும் பேசும்படி வைத்த குழுவில் வட்டாரத்துக்கு ஒரு பெயர் நின்றது. வயலில் ஆட்கள் நடந்து நடந்தே ஒற்றையடிப் பாதை விழுவதுபோல, ஒவ்வொருவரும் எதிரே வந்தவரோடு ஒத்துப்போனதில் பொதுப்பெயர் விழுந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதன் இரு முனைகளையும் காணலாம். காசு ஊர் ஊராக, கை கையாகக் கலந்துகொண்டே இருக்கிறது. வியாபாரியும் கண்டக்டரும் தினமும் முன்பின் தெரியாதவர்களோடு கணக்குத் தீர்க்க வேண்டும். நாலணா கன்னியாகுமரியிலும் நாலணாதான், காஞ்சிபுரத்திலும் நாலணாதான். குட்டி யானையும் ஊர்விட்டு ஊர் ஓடும் வண்டி. குழந்தைகள் விளையாட்டு அப்படியில்லை. ஒரு தெருப் பிள்ளைகள் அதே தெருப் பிள்ளைகளோடுதான் விளையாடுவார்கள். அதனால்தான் ஒரே விளையாட்டு ஓரிடத்தில் கிட்டிப்புள், ஓரிடத்தில் கில்லி, இன்னோரிடத்தில் சில்லாங்குச்சி. பெயர்களின் பன்மை அந்தப் பிள்ளைகள் யாரோடு கலந்தார்கள் என்பதன் வரைபடமாக இருக்கிறது.

நிலைத்துவிட்ட பெயரை மாற்றவே முடியாதா என்றால், முடியும். சென்டோலா குழுவினர் 2018இல், ஒரு பெயரில் ஒத்துப்போய்விட்ட குழுவுக்குள் வேறு பெயரை விடாப்பிடியாகச் சொல்லும் சிலரை நுழைத்தார்கள். அவர்கள் மொத்தத்தில் கால்வாசியை எட்டியபோது குழு முழுவதும் புதிய பெயருக்குச் சாய்ந்தது; அதற்குக் குறைந்தால் சாயவில்லை. தமிழ் எழுத்தில் 'பேருந்து' வென்றதையும் பேச்சில் 'பஸ்' அசையாமல் நிற்பதையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பாடநூலும் பத்திரிகையும் எழுதுவோர் விடாப்பிடியாக இருந்தார்கள். எழுதுவோரில் அவர்களே கணிசமான பங்கு. பஸ் நிறுத்தத்தில் பேசுவோரில் அப்படி ஒரு பங்கு என்றைக்கும் திரளவில்லை. அண்ணா சாலை முகவரியில் நிலைத்ததும் மவுண்ட் ரோடு வாயில் தங்கியதும் இதே வகைதான்.

மொழிக்குக் கேடா?

பட்டப்பெயர் பெருகினால் மொழி சீர்கெடும் என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. வழக்கு என்று ஏற்று வகைப்படுத்தினார். ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குவதைக் குழூஉக்குறி என்கிறது அந்த மரபு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் பள்ளிப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டம், அதற்குள் ஓர் உடன்பாடு, அதிலிருந்து பிறக்கும் பெயர்: திரை வைத்துச் செய்த சோதனை கண்டதும் இதைத்தான். நம் இலக்கணிகள் அதைக் கண்ணால் பார்த்து வகுத்துவைத்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் அது பிறக்கும் கணத்தை அளந்திருக்கிறார்கள்.

ஓர் எல்லையை மட்டும் மறக்கக்கூடாது. இங்கே பேசியதெல்லாம் பொருள்களுக்கு வைக்கும் பெயர். மனிதருக்கு உடலையோ ஊனத்தையோ பிறப்பையோ சுட்டிப் பட்டப்பெயர் வைக்கும்போது, அழைக்கப்படுபவர் அந்த உடன்பாட்டில் கையெழுத்திடவில்லை. வண்டிக்குக் குட்டி யானை என்பதால் வண்டிக்கு வலிக்காது. மனிதர் விஷயம் அப்படியல்ல. அதற்கு இந்த அத்தியாயத்தின் நியாயங்கள் எதுவும் துணைக்கு வரா.

உண்மையான கேடு எங்கே இருக்கிறது என்றால், இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கும் இடத்தில். உரையாடலைக் கேட்டும் படத்தை அடுக்க முடியாத அந்த மூன்றாம் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகக் கவுன்டருக்கு வரும் முதியவர் பெரும்பாலும் அந்த நிலையில்தான் நிற்கிறார். கோப்புக்குள் அதிகாரிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட பெயர்கள், அவர் கலந்துகொள்ளாத ஓர் உடன்பாடு. அவரைப் பொறுத்தவரை 'ஊரக வேலை உறுதித் திட்டம்' என்பதுதான் குழூஉக்குறி. மருத்துவர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். நீரிழிவு உண்டா, உயர் ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்காமல் 'சர்க்கரை இருக்கா? பிரஷர் இருக்கா?' என்றுதான் நோயாளியிடம் கேட்கிறார்கள்; சீட்டில் வேறு பெயரை எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு உடன்பாடுகளுக்கும் நடுவே நின்று மாற்றித் தருவது அவர்கள் தொழிலின் பகுதியாகிவிட்டது. அரசுப் படிவங்களுக்கு இதைச் செய்யத் தடையேதும் இல்லை. வேலை அட்டைக்கான விண்ணப்பத்தின் தலைப்பில், திட்டத்தின் முழுப்பெயருக்கு நேர்கீழே, அதே அளவு எழுத்தில் 'நூறு நாள் வேலை' என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். எந்தத் தாளை எடுப்பது என்று அடுத்தவரைக் கேட்காமலே கை நீட்டி எடுத்துக்கொள்வார்கள்.